26 நாள் முந்தியும் அமெரிக்காவைத் தவறவிட்ட காப்புரிமை

[திரையில்: விரல் நுனியில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர்]

இரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க, கொரோனாக் காலத்தில் பல வீடுகளுக்குள் நுழைந்த இந்தக் கருவியின் நுட்பத்தை முதலில் கண்டறிந்த நிறுவனம் அமெரிக்காவில் காப்புரிமை பெறவில்லை, இரண்டாவதாக வந்த நிறுவனம் பெற்றது என்றால் நம்புவீர்களா?

காப்புரிமைக்குப் புதுமை வேண்டும், அதாவது விண்ணப்பிக்கும் முன் அந்தக் கருத்து வெளியே தெரிந்திருக்கக் கூடாது; காப்புரிமை பொதுவாக 20 ஆண்டு நீடிக்கும்; சட்டப் பின்னணி இப்போதைக்கு இவ்வளவு போதும்.

ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தின் பொறியாளரான தக்குவோ அயோயாகி, இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவை அறிய, உடலுக்குள் சாயம் செலுத்திக் காதுமடல் வழியே ஒளி பாய்ச்சி அளந்துகொண்டிருந்தார். நாடித்துடிப்பு ஒவ்வொன்றும் அளவீட்டை ஆட்டிவைத்ததால், இரண்டு அலைநீள ஒளிகளை ஒப்பிட்டு அந்த ஆட்டத்தைச் சமன்செய்தார். ஆனால் இரத்தத்தில் ஆக்சிஜன் மாறியதும் சமநிலை குலைந்தது. துடிப்போடு மாறுவது தமனி இரத்தம் மட்டுமே என்பதால், தொல்லையாகத் தெரிந்த அந்தக் குலைவைக் கொண்டே தோல், எலும்பு, சிரை இரத்தம் ஆகியவற்றின் குறுக்கீடு இல்லாமல் ஆக்சிஜனை அளந்துவிடலாம் என்று அவர் கண்டுகொண்டார். சலிக்காமல் நூறு முறை சொல்லத்தக்க கதை இது!

இனி தேதிகளைக் கவனியுங்கள். நிஹோன் கோடன் விண்ணப்பித்தது 1974 மார்ச் 29. இதே கருத்தோடு கேமரா நிறுவனமான மினோல்டா விண்ணப்பித்தது ஏப்ரல் 24. அயோயாகி மாநாட்டு மேடையில் அதை விளக்கியது ஏப்ரல் 26. முதலில் விண்ணப்பம், பிறகே மேடை என்ற அந்த வரிசையை, ஆர்வத்தில் கல்லூரிக் கருத்தரங்கில் எல்லாவற்றையும் கொட்டிவிடும் நம் மாணவர்கள் குறித்துக்கொள்வது நல்லது. ஜப்பானில் முந்தியவருக்கே உரிமை கிடைத்தது. ஆனால் ஓர் ஊரின் பட்டா அடுத்த ஊர் நிலத்துக்குச் செல்லாததைப்போல, காப்புரிமையும் பெற்ற நாட்டோடு நின்றுவிடும். நிஹோன் கோடன் வெளிநாடுகளில் விண்ணப்பிக்காமல் விட, மினோல்டா அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் உரிமை பெற்றது. என் பார்வையில் இது அறிவியல் தோல்வியன்று, அலுவலகத் தோல்வி.

இந்தியாவில் கூடுதலாக ஒரு வேலி உண்டு: 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(i) பிரிவு மனிதருக்கு நோயறியும் செயல்முறைக்கு உரிமை தராது என்பதால், ‘இப்படி அளக்கும் முறை’ என்று கோராமல், உணரி, ஒளிமூலம், கணிக்கும் மின்சுற்று ஆகியவை கொண்ட ‘கருவி’ என்றே கோரிக்கையை எழுத வேண்டும்.

இந்தச் சண்டை பழங்கதையாகிவிடவில்லை. இதே அளவீடு தொடர்பாக மருத்துவக் கருவி நிறுவனமான மாசிமோ தொடுத்த காப்புரிமை வழக்கில் 2023 இறுதியில் சில ஆப்பிள் கைக்கடிகாரங்களின் அமெரிக்க இறக்குமதிக்குத் தடை வந்தது. 2024 ஜனவரியில் ஆக்சிஜன் அளக்கும் வசதியை முடக்கிவைத்து ஆப்பிள் அங்கே விற்பனையைத் தொடர்ந்தது. அந்த நிலையில் நீங்கள் கடிகாரத்தை வாங்குவீர்களா, கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.