விளக்கெண்ணெய் குடித்தால் வலி வருமா? 39 வாரத்தில் நான் சொல்வது

வணக்கம் எல்லாருக்கும். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் நல்ல மழை, தகரக் கூரைச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு எனக்குக் கர்ப்பம் 39 வாரம் 5 நாள். இன்னும் பிரசவ வலி வரவில்லையா என்று கேட்காத ஆளே இல்லை. நேற்று பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு குப்பி விளக்கெண்ணெயோடு வந்துவிட்டார், அதனால்தான் இந்த வீடியோ.

பாட்டியைக் குறை சொல்லவில்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டே ஐந்து பிள்ளை பெற்றவர், பாசத்தில்தான் கொடுத்தார். ஆனால் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது நான் இதைக் குடித்திருக்கிறேன். கோப்பி ஓவில், அதாவது பால் இல்லாத கோப்பியில் கலந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மூன்று மேசைக்கரண்டி. இரவு பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தது வயிற்றுப்போக்கு. விடியும்வரை கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்தேன், உதடு வெடித்துவிட்டது, வயிறு இறுகி இறுகி விட்டது. பிரசவ வலிதான் என்று நம்பி ஆஸ்பத்திரிக்குப் போனால், உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று டிரிப் ஏற்றினார்கள். மதியத்துக்குள் வலி அடங்கிவிட்டது. அவன் பிறந்தது அதற்கு ஒன்பது நாள் கழித்து.

விளக்கெண்ணெய் குடலை முறுக்குகிறது, அதோடு கர்ப்பப்பையையும் தூண்டிவிடலாம், சிலருக்கு வலி வந்தும் இருக்கிறது. ஆனால் எவ்வளவு தூண்டும் என்பது நம் கையில் இல்லை. முதல் பிள்ளை ஆபரேஷன் என்றால் தையல் போட்ட இடம் தாங்காமல் போகலாம், தயவுசெய்து தொடவே தொடாதீர்கள். வலி வர ஊறவைத்துக் குடிக்கும் ஃபாத்திமா வேர் என்ற காய்ந்த செடியும் அப்படித்தான். சுருட்டிய கைவிரல் மாதிரிக் காய்ந்து இருக்கும், தண்ணீரில் போட்டால் மெல்ல விரியும், பார்க்க அழகாக இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் சிலருக்கு இடைவெளி இல்லாமல் வலி வந்து, பிள்ளைக்கு மூச்சுத் திணறும் அபாயம் இருக்கிறது, அதனால்தான் நம் நாட்டு டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

அன்னாசி? ஆசைக்கு ரெண்டு துண்டு சாப்பிடுங்கள், வலி வரும் என்று முழுப் பழத்தையும் தின்றால் நாக்குதான் புண்ணாகும்.

நான் செய்வது பேரீச்சம்பழம், ஒரு நாளைக்கு ஆறு. 2011-இல் ஜோர்டானில், பேரீச்சம்பழம் சாப்பிட்ட 69 பெண்களையும் சாப்பிடாத 45 பெண்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. கடைசி நான்கு வாரம் இப்படிச் சாப்பிட்டவர்களில் அதிகம் பேருக்குத் தானாகவே வலி வந்ததாம். சின்ன ஆய்வுதான், ஆனால் பழம் கெடுதல் செய்யாது. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் மட்டும் கிளினிக் மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அப்புறம் சாயங்காலம் செம்பனை ஓரமாகக் கொஞ்ச தூரம் நடக்கிறேன். பொய் வலியா என்று சந்தேகம் வந்தால் அம்மா சீரகத் தண்ணீர் கொடுப்பார், சூட்டு வலி என்றால் அடங்கிவிடும் என்பார். எனக்கு அது இதமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைக் குடித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு.

பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், பிள்ளை அசைவு குறைந்தால் உடனே கிளம்புங்கள், நள்ளிரவானாலும் சரி. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில் அசைவு எண்ணும் பக்கத்தை நிரப்புங்கள், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வேண்டும். 41 வாரத்தை நெருங்கினால் ஆஸ்பத்திரியிலேயே மருந்து வைத்து வலி வரவைப்பார்கள். அங்கே பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே செய்வார்கள், வீட்டில் யார் பார்ப்பது?

பாட்டியிடம் குப்பியை வாங்கிக்கொண்டு, தலைக்குத் தேய்த்துக்கொள்கிறேன் பாட்டி என்றேன். சிரித்தார். இன்று காலையிலிருந்து எட்டு அசைவு ஆகிவிட்டது, இன்னும் ரெண்டு வரட்டும், அப்புறம் போய்க் குளிக்கிறேன்.