துறைச் சாதனைப் பக்கம் எழுதப்போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் கல்லூரிகளில் ஆண்டு மலர் வேலை சூடுபிடித்துவிடும். இதழியலோ விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியலோ இருக்கிற கல்லூரியில் ‘நம் துறையின் சாதனைகள்’ என்று தனியாக ஒரு பக்கமும் வரும். ஆசிரியர்கள் இந்த ஆண்டு என்ன செய்தார்கள், படித்துப் போனவர்கள் எங்கே என்ன செய்கிறார்கள் என்ற பட்டியல் அது. கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்கிற நாக் குழு வந்தால் காட்ட, சேர்க்கைக் கையேட்டில் போட, முன்னாள் மாணவர் கூட்டத்தில் வாசிக்க என்று அதற்குப் பல உபயோகம். எழுதுகிற பொறுப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று மாணவர்கள் தலையில் விழும். சேலம் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகத்து இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் துறையானாலும் சரி, நாமக்கல், தருமபுரிப் பக்கத்துக் கல்லூரி விஸ்காம் வகுப்பானாலும் சரி, அந்த மாணவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

விசாரிக்காமல் எதையும் செய்தியாக்காதே என்று வகுப்பில் சொல்லித் தருகிற துறையே, தன் வீட்டுச் செய்தி என்றதும் வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஒட்டிவிடுகிறது. வெளியாள் ஒருவர் அதில் ஒரு வரியை எடுத்துச் சோதித்து, அது பொய்யென்று தெரிந்தால், மெய்யான மற்ற வரிகளையும் அவர் நம்பமாட்டார். அதனால் இந்தப் பக்கத்துக்கு வேண்டியது புகழுரை அல்ல, சரிபார்ப்பு.

முதலில் ஆசிரியர்கள். ‘பன்னாட்டு ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்’ என்று எழுதித் தருவார்கள். இதழின் பெயர், ஆண்டு, தொகுதி, டிஓஐ எண் ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். டிஓஐ என்பது கட்டுரைக்கென்று தரும் நிரந்தர இணைய அடையாள எண், 10 என்று தொடங்கும். அதைத் தேடினால் அந்தக் கட்டுரையின் பக்கமே திறக்க வேண்டும். வேறெங்காவது போனாலோ, திறக்காமலே இருந்தாலோ கேள்வி கேளுங்கள். ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்பார்கள். அது இதழுக்குரிய 8 இலக்க அடையாள எண், அவ்வளவுதான். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

‘யுஜிசி கேர் பட்டியலில் உள்ள இதழ்’ என்ற வரியும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்று 2019இல் தொடங்கிய அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியே கைவிட்டது. இதழ் பட்டியலில் இருந்த காலத்தில் வந்த கட்டுரை என்றால் ஆண்டைக் குறிப்பிட்டு எழுதலாம். அதற்குப் பிறகு வந்த கட்டுரைக்கு அந்த முத்திரை ஒட்டாது. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் உள்ள இதழ் என்று சொன்னாலும் இப்படித்தான். அதன் பட்டியலில் இதழின் பெயரைத் தேடி, எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நடுவில் நீக்கப்பட்ட இதழ்கள் உண்டு. நல்ல இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் திருடி, அதேபோல இணையதளம் கட்டிக் காசு வாங்குகிற போலிகளும் உண்டு. அதனால் ஆசிரியர் கொடுத்த இணைப்பு வழியாகப் போகாதீர்கள். ஸ்கோபஸ் பக்கத்திலிருந்து இதழுக்குப் போங்கள். இம்பாக்ட் ஃபாக்டர், அதாவது இதழின் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற கணக்கு, என்று ஓர் எண் கொடுத்தால், அது க்ளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கிட்டத்தட்ட அதே பெயரில் எண் விற்கிற கடைகள் ஏராளம்.

‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகளில் ஒருவர்’ என்ற செய்தி ஆண்டுதோறும் பத்திரிகைகளில் வருகிறது, சேலம் பதிப்புகளிலும் வரும். அது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கொடுக்கும் விருது இல்லை. அங்குள்ள பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் உடன் ஆய்வாளர்களும் ஸ்கோபஸ் மேற்கோள் கணக்கை வைத்துத் தொகுக்கிற தரவு. எல்செவியர் பதிப்பகம் வழியாக வெளியாகிறது. அதில் இரண்டு பட்டியல்: ஒன்று ஆய்வு வாழ்நாள் முழுவதற்கும், மற்றொன்று ஓராண்டுக்கு மட்டும். எந்தப் பட்டியல், எந்த ஆண்டு, எந்த உட்துறை என்று மூன்றையும் எழுதினால் செய்தி சரியாகிவிடும். எழுதாவிட்டால் அது வெறும் விளம்பரம்.

பேட்டன்ட் விஷயத்தில் தடுமாற்றம் இன்னும் அதிகம். இந்தியாவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் 18 மாதத்தில் அது காப்புரிமை அலுவலகத்தின் வார இதழில் தானாக வெளியாகும். தனியாக மனுப் போட்டால் இன்னும் சீக்கிரம் வரும். இதற்கு ‘வெளியிடப்பட்டது’ என்று பெயர். ‘வழங்கப்பட்டது’ வேறு. பரிசோதனைக்கென்று தனியே கோரிக்கை கொடுத்து, பரிசோதகரின் ஆட்சேபணைகளுக்குப் பதில் சொல்லித் தேறினால்தான் காப்புரிமை கிடைக்கும். அது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு செல்லும். இன்னொன்று டிசைன் பதிவு. அது பொருளின் தோற்றத்துக்கு மட்டும். முதலில் 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிக்கலாம். ‘செயற்கை நுண்ணறிவுச் செய்திக் கருவிக்குக் காப்புரிமை’ என்று எழுதித் தந்தால், விண்ணப்ப எண்ணைக் கேட்டு அலுவலக இணையதளத்தில் நிலையைப் பாருங்கள். பல நேரம் அது பெட்டியின் வடிவத்துக்கு வாங்கிய டிசைன் பதிவாக இருக்கும். அதையும் எழுதலாம், தப்பில்லை. டிசைன் பதிவு என்றே எழுதுங்கள்.

கௌரவ டாக்டர் பட்டம் வாங்கினார் என்று பொன்னாடைப் படம் வரும். பட்டம் தரும் உரிமை யாருக்கு உண்டு என்று 1956ஆம் ஆண்டு யுஜிசி சட்டத்தின் 22ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பல்கலைக்கழகம் அல்லாத அறக்கட்டளையோ, பேரவையோ கொடுத்தது பட்டமாகாது. அந்த வரியை விட்டுவிடுங்கள். கொஞ்சம் மனத்தாங்கல் வரும், போகட்டும்.

பெயர் விஷயம் நம் ஊருக்கே உரிய சிக்கல். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், விரித்தும் வரும். எஸ். கார்த்திகேயன், கார்த்திகேயன் எஸ்., கார்த்திகேயன் சுப்பிரமணியன் என்று மூன்று கட்டுரையில் மூன்று விதமாகப் போட்டால், மேற்கோள் கணக்கு மூன்று ஆட்களாகப் பிரிந்துவிடும். அதே இனிஷியலோடு வேறு கல்லூரியில் இருக்கும் இன்னொரு கார்த்திகேயனின் கட்டுரைகள் இவர் கணக்கில் வந்து சேருவதும் நடக்கும். ‘எச் இண்டெக்ஸ் 10’ என்றால், 10 கட்டுரை ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை மேற்கோளாகியிருக்க வேண்டும். கூகுள் ஸ்காலர் காட்டும் எண் பெரும்பாலும் ஸ்கோபஸ் எண்ணைவிடக் கூடுதலாக இருக்கும். எதிலிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் பார்த்தது என்று பக்கத்திலேயே போடுங்கள். ஆசிரியர்கள் ஆர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண்ணை இலவசமாகப் பதிந்துகொண்டு எல்லாக் கட்டுரையிலும் கொடுத்தால் இந்தத் தலைவலி பாதி தீரும்.

பழைய மாணவிகள் விஷயத்தில் இதுவே வேறு மாதிரி வரும். திருமணத்துக்குப் பிறகு அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வந்திருக்கும். பத்திரிகையில் புனைபெயர் போட்டிருப்பார். பட்டச் சான்றிதழில் இருக்கும் பெயர், இப்போது வெளியே தெரியும் பெயர், முடித்த ஆண்டு என்று மூன்று கட்டம் போட்டுக் கேளுங்கள். எந்தப் பெயரை அச்சிட வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். வேலை செய்யும் இடம், புகைப்படம் வேண்டாம் என்று சொன்னால் போடாதீர்கள். சம்பளத்தைக் கேட்கவே கேட்காதீர்கள்.

உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வுதான் நெட். ‘நெட் தேர்ச்சி’ என்று மட்டும் எழுதுவது 2024 ஜூன் தேர்விலிருந்து போதாது. இப்போது மூன்று நிலை: ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகையோடு உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கைத் தகுதியும், பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகைக்கு வழி முதல் நிலையில் மட்டும்தான். மதிப்பெண் சான்றிதழைப் பார்த்து எந்த நிலை என்று எழுதுங்கள். பாட எண்ணையும் பாருங்கள். இதழியல், மக்கள் தொடர்பியல் பாடத்துக்கு 63.

தொலைக்காட்சி வேலை என்றால் பதவியைத் திருத்தமாகக் கேளுங்கள். மாவட்டங்களில் மைக்கோடு நிற்பவர்கள் பலர் ஸ்டிரிங்கர்கள், செய்திக்கு இவ்வளவு என்று வாங்குபவர்கள். ‘மூத்த செய்தியாளர்’ என்று நீங்களாகவே பதவி உயர்வு கொடுத்தால் அவருக்கே சங்கடம். என்னைக் கேட்டால், ஓமலூரிலோ வாழப்பாடியிலோ பல வருடமாக ஸ்டிரிங்கராக இருந்து தாசில்தார் அலுவலகம், காவல் நிலையம், சந்தை என்று அலைகிற முன்னாள் மாணவருக்கு அந்தப் பக்கத்தில் நாலு வரி கூடுதலாகவே கொடுக்கலாம். சென்னை ஸ்டுடியோவில் உட்கார்ந்தவருக்குத்தான் இடம் என்பது துறைகள் தாங்களாகப் போட்டுக்கொண்ட வழக்கம்.

அப்படிப்பட்ட நிருபர் ‘செய்தி எதிரொலி’ என்று ஒரு கட்டிங்கை அனுப்புவார். மலைக் கிராமத்துக்குச் சாலை வந்தது, என் செய்திதான் காரணம் என்பார். உண்மையாக இருக்கலாம். செய்தி வந்த தேதியையும், டெண்டர் அறிவிப்பின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெண்டர் முன்னாலேயே போட்டிருந்தால் அது எதிரொலி இல்லை. செய்தி முந்தி, உத்தரவு பிந்தி என்றாலும் ‘செய்தி வந்தது, அடுத்து இந்தத் தேதியில் உத்தரவு வந்தது’ என்று இரண்டு தேதியைப் போட்டு நிறுத்துங்கள். காரணத்தை வாசிப்பவர் முடிவுசெய்யட்டும்.

சினிமாச் செய்திக்கு நம் ஊரில் இன்னும் கவனம் வேண்டும். 1935இல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கி, நூற்றுக்கு மேல் படம் வெளிவந்த ஊர் நம் சேலம். யார் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டுச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘தேசிய விருது பெற்ற படத்தில் பணியாற்றித் துறைக்குப் பெருமை சேர்த்தார்’ என்ற வரி எதையுமே சொல்லவில்லை. சிறந்த படத்துக்கான விருது தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் போகிறது, உதவி எடிட்டருக்கு அல்ல. ‘2019இல் எம்.ஏ. முடித்த இன்னார், இந்தப் படத்தில் உதவி எடிட்டர், ரோலிங் டைட்டிலில் பெயர் வருகிறது’ என்று எழுதுங்கள். பெயர் வருகிற இடத்தைப் படம் பிடித்துக் கோப்பில் வையுங்கள். டைட்டிலில் பெயர் இல்லாமல் வேலை பார்த்தவர்கள் சினிமாவில் நிறைய. அவர்களுக்கு அந்தப் படத்தின் எடிட்டரே எழுதிக் கொடுத்த ஒரு குறிப்பு போதும்.

குறும்படம், ஆவணப்படம் என்றால் தேர்வு, திரையிடல், பரிசு என்ற மூன்றையும் குழப்பக்கூடாது. ஏற்காட்டுக் காபித் தோட்டக் கூலியாட்களைப் பற்றி ஒரு மாணவர் 20 நிமிடப் படம் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். போஸ்டரில் விழாக்களின் முத்திரையாக ஆறேழு இலைவளையம் இருக்கும். அவற்றில் சில ஆன்லைனில் மாதாமாதம் நடக்கும் விழாக்களுடையவை. கட்டணம் கட்டினால் ஏதோ ஒரு பிரிவில் பரிசு வரும், திரை என்று ஒன்று இருக்காது. எந்த ஊரில், எந்த அரங்கில், எந்தத் தேதியில் காட்டினார்கள் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால் எழுதுங்கள். மும்பையில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஆவணப்பட, குறும்பட விழா போன்றவற்றில் தேர்வாவதே சேதிதான். படத்தை நாகலூரிலோ மாரமங்கலத்திலோ தோட்டத்து ஆட்களுக்கே போட்டுக் காட்டியிருந்தால், இலைவளையத்துக்கு முன்னால் அதை எழுதுங்கள்.

சில துறைகள் சமுதாய வானொலி நடத்துகின்றன. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வழி அது. சாதனைப் பக்கத்தில் ‘இத்தனை லட்சம் நேயர்கள்’ என்று வரும். மாவட்ட மக்கள்தொகையை எடுத்துப் போட்ட எண் அது. சமுதாய வானொலிக்கு அனுமதித்த சக்தி பொதுவாக 100 வாட், கோபுரம் 30 மீட்டர் உயரத்துக்குள். சமதரையில் 5 முதல் 10 கிலோமீட்டர் கேட்டால் நல்லது. எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. குறுக்கே மலை நின்றால் அதன் நிழலில் இருக்கும் ஊருக்குக் கிடைக்காது. சேர்வராயன் மலையை வைத்துக்கொண்டு இதை ஊகிக்க வேண்டியதே இல்லை. எஃப்.எம். உள்ள கைபேசியில் ஒயர் உள்ள இயர்போனைச் செருகிக்கொண்டு (அந்த ஒயர்தான் ஆன்டெனா) ஏற்காடு பஸ்ஸில் ஏறுங்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் தெளிவு, இரைச்சல், ஒன்றுமில்லை என்று குறித்துக்கொண்டே போங்கள். மேலே ஊர் ஊராக அப்படியே குறியுங்கள். வரைபடத்தில் அதை வண்ணம் தீட்டிப் போட்டால், எந்த நேயர் கணக்கையும்விட அது மதிப்புள்ள பக்கம். வருகிற தொலைபேசி அழைப்புகளையும் ஊர்வாரியாக எழுதி வையுங்கள்.

தகவல் சேகரிக்கும் வேலையை டிசம்பரிலேயே தொடங்குங்கள். கூகுள் படிவத்தில் எட்டுக் கேள்விக்கு மேல் வைத்தால் யாரும் நிரப்பமாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால், எப்போதும் பேசுகிறவர்கள் மட்டும்தான் பதில் சொல்வார்கள். அதனால் ஒவ்வொரு ஆண்டு வகுப்பிலும் ஒருவரைப் பிடித்து, மற்றவர்கள் எங்கே என்று தொலைபேசியில் கேளுங்கள். எழுதி முடித்த வரியை உரியவருக்கு அனுப்பித் தகவல் பிழை இருந்தால் மட்டும் திருத்தச் சொல்லுங்கள். ‘சிறந்த’, ‘புகழ்பெற்ற’ என்று சேர்த்து அனுப்பினால் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரத்தை ஒரே கோப்புறையில், வரிசை எண்ணோடு வையுங்கள். அடுத்த ஆண்டு அதே வேலைக்கு வரும் மாணவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கூட்டத்தில் வாசிப்பதற்கு வேறு பிரதி வேண்டும். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 90, 100 சொல்தான் போகும். பத்து நிமிடத்துக்கு ஆயிரம் சொல். டிஓஐ எண், தொகுதி எண் எல்லாம் அச்சுக்கு. காதுக்கு ஆள், வேலை, கொடுத்தவர், மாதம் போதும். பெயர்களை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே உரியவரிடம் கேட்டுப் பிரதியின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமாக, இனிஷியலைத் தமிழ் எழுத்தாக வாசிப்பதா, ஆங்கில எழுத்தாக வாசிப்பதா என்று. க. என்று போட்டுக்கொள்பவரைக் கே. என்று மேடையில் கூப்பிட்டால், அவர் எழுந்துவர ஒரு நொடி யோசிப்பார்.

நன்றி. வணக்கம்.