புகை நாட்களில் ஜன்னலைச் சாத்தினால் போதுமா?

அடுத்த கேள்வி. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து ஒரு நேயர் கேட்கிறார்: "காட்டுத்தீப் புகை வந்தால் ஜன்னல்களைச் சாத்திவிடுகிறோம். ஆனாலும் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. வானம் அப்படியொன்றும் மோசமாகத் தெரியவில்லையே? கார் மேல் படியும் சாம்பலை என்ன செய்வது?"

முதலில், வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2020 செப்டம்பர் 9ஆம் தேதி நான் இங்கேதான் இருந்தேன். காலை பத்து மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு காபி கலந்தேன். வெளியே முழுக்க ஆரஞ்சு நிறம். தெரு விளக்குகள் அணையவேயில்லை. பயந்துபோய்க் காற்றுத்தர எண்ணைப் பார்த்தால், தரையில் காற்று அவ்வளவு கெட்டிருக்கவில்லை! ஆகஸ்டு மின்னலில் வடக்கே பற்றிய தீயின் புகை, கடலிலிருந்து வந்த பனிமூட்டத்துக்கு மேலே நின்றுவிட்டது. நீல ஒளியை அது மறித்ததால் ஆரஞ்சு மட்டும் கீழே வந்தது. அடுத்தடுத்த நாட்களில் வானம் வெளிறியது, எல்லோரும் அப்பாடா என்றார்கள். புகை மூக்கு மட்டத்துக்கு இறங்கியது அப்போதுதான். காற்றுத்தர எண் 150ஐத் தாண்டியது, அதாவது எல்லோருக்குமே கெடுதலான அளவு. ஆகவே அமெரிக்க அரசின் காற்றுத்தரத் தளமான ஏர்நவ் (AirNow) தரும் தீ, புகை வரைபடத்தைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பாருங்கள்.

இனி அம்மாவின் இருமல். கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள், ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே மிளகாய் தாளிக்கிறீர்களா? சாம்பிராணி, ஊதுபத்தி உண்டா? அதுவும் புகைதான், அடைத்த வீட்டில் போக வழியில்லாத புகை. அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போட்டாலும், அது வெளியேற்றும் காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு வழியே வெளிப்புகை உள்ளே வரும். அந்த நாட்களில் இட்லி அவியுங்கள், தயிர் சாதம் பிசையுங்கள். சாமி கோபிக்காது.

வீடு முழுவதையும் காப்பாற்ற முயலாதீர்கள். அம்மா படுக்கும் அறை ஒன்றை மட்டும் சுத்தமாக வைத்தால் போதும். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாம். ஓசோனை வெளியிடும் வகை மட்டும் வேண்டாம். சுத்திகரிப்பான் கிடைக்காவிட்டால், புதிய சதுர மின்விசிறி ஒன்றின் பின்புறம் அதே அளவு மெர்வ் 13 (MERV 13) தரமுள்ள, நுண்துகளைப் பிடிக்கும் காற்று வடிகட்டியை டேப் போட்டு ஒட்டுங்கள். வடிகட்டியில் அச்சிட்ட அம்புக்குறி விசிறியைப் பார்த்திருக்க வேண்டும். நான் முதல் தடவை தலைகீழாக ஒட்டினேன்! வெள்ளையாகப் போட்ட வடிகட்டி இரண்டு வாரத்தில் விபூதிப் பையைப் போல் ஆனதைப் பார்த்த பிறகுதான், இத்தனை நாள் எதைச் சுவாசித்தோம் என்று புரிந்தது.

ஏசி இல்லாத வீட்டில் வெயிலும் சேர்ந்தால் அடைந்து கிடக்காதீர்கள். வயதானவர்களுக்கு வெக்கை இன்னும் ஆபத்து. ஏசி உள்ள நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். வெளியே போகும்போது என்-95 முகக்கவசம். புடவைத் தலைப்போ ஈரக் கைக்குட்டையோ புகையிலுள்ள 2.5 மைக்ரான் நுண்துகளைத் தடுக்காது. இருமலோடு மூச்சு வாங்குகிறது என்றால் மஞ்சள் பாலோடு நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாம்பலைப் பொறுத்தவரை, காரை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் தண்ணீர் விட்டு அலசுங்கள். வாசலையும் பால்கனியையும் வெறுமனே பெருக்கக் கூடாது. தோட்டக்காரர் கொண்டுவரும் இலை ஊதும் இயந்திரம் கூடவே கூடாது, படிந்தது மறுபடி மூக்குக்குத்தான் வரும். ஊரில் வாசல் தெளிப்பது போல லேசாகத் தண்ணீர் தெளித்து, கையுறை போட்டு ஈரத்துணியால் வழித்தெடுங்கள். வீடுகள் எரிந்த இடத்துச் சாம்பல் என்றால் அதில் ஈயமும் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருப்பீர்கள், தெரியும். பறித்ததை நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள், ரசத்தில்தான், தாளிக்காமல்.

சரி, அடுத்து யார் கேட்டிருக்கிறார்கள், பார்ப்போம்.