பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக

நடுவர் அவர்களே, இரண்டு அணிகளிலும் பேச வந்திருக்கும் நண்பர்களே, சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

இஸ்லாத்தின் பெயரால் நடக்கும் தீவிரவாதத்துக்கு வேர் மார்க்கத்திலா, வரலாற்றிலும் அரசியலிலுமா என்பது இன்றைய தலைப்பு. நான் வரலாறும் அரசியலும் என்ற அணியில் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "உயிர்த்த ஞாயிறன்று தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகும் ஒரு கிறிஸ்தவர் அந்த அணியில் எப்படிப் போய் உட்காரலாம்?" என்று என்னைப் பார்த்தே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நான் பேசப்போவது முழுவதும் அதற்கான பதில்.

2019 ஏப்ரல் 21, இலங்கை. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று ஹோட்டல்கள். 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சீயோனில் இறந்தவர்களில் பலர், ஞாயிறு பள்ளி முடிந்து ஆராதனை தொடங்குமுன் வெளியே நின்ற பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளை மறந்துவிட்டு நான் இந்த மேடைக்கு வரவில்லை ஐயா. அவர்களுக்காகத்தான் சொல்கிறேன், அவர்களைக் கொன்றது எது என்பதைப் பிசகாமல் சொல்ல வேண்டும். பத்துக் கட்டளைகளில் ஒன்று, 'பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக' என்கிறது. கொலைக்குச் சாட்சி சொல்ல வந்தவன் ஊரையே கூண்டில் ஏற்றினால், குற்றவாளி அந்தக் கூட்டத்துக்குள்ளேயே மறைந்துகொள்வான்.

"அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிம் வேதத்தைத்தானே மேற்கோள் காட்டினான்?" என்றது எதிரணி. காட்டினான், மறுக்கவில்லை. ஆனால் அவன் பிறந்த காத்தான்குடி அதே குர்ஆனைத் தலைமுறை தலைமுறையாக ஓதிய ஊர். பக்கத்துத் தமிழ் ஊர்களோடு கொடுக்கல் வாங்கலாக வாழ்ந்த ஊர். அவனை அங்கே ஓர் அரபுக் கல்லூரியே வெளியேற்றியது. அவன் முதலில் மோதியது யாரோடு? கிறிஸ்தவர்களோடு இல்லை. 2017 மார்ச்சில் அதே ஊரின் சூஃபி முஸ்லிம்களோடு. அந்த மோதலுக்குப் பிறகுதான் அவன் தலைமறைவானான். அவன் ஆபத்தானவன் என்று முஸ்லிம்களே முறையிட்டிருந்தார்கள்.

இந்த வழக்கம் பழையது. 661இல் கூஃபா நகரத்தில் கலீபா அலியை வெட்டியவன் ஒரு காரிஜி. நபிகளின் மருமகனே தங்கள் கண்ணுக்குப் போதிய முஸ்லிமாகத் தெரியாத கூட்டம் அது. அன்று முதல் பெரும்பான்மை அறிஞர்கள் அந்தக் கூட்டத்தை வழிதவறியவர்கள் என்றே சொல்லி வருகிறார்கள். பிறகு 1744இல் அரேபியாவில் கண்டிப்பான போதகர் முஹம்மத் இப்னு அப்துல் வஹ்ஹாபும் ஆட்சியாளர் முஹம்மத் பின் சவூதும் கைகோத்தார்கள். போதகருக்கு வாள் கிடைத்தது, ஆட்சியாளருக்குப் போதனை கிடைத்தது. அந்தப் படை அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சூறையாடிய ஊர் கர்பலா. அங்கே விழுந்தவர்களும் முஸ்லிம்கள்தான். எண்ணெய் கண்டெடுக்கப்படும் வரை அந்தப் போதனை பாலைவனத்துக்குள்ளேயே பெரும்பாலும் கிடந்தது. பணம் வந்த பிறகு கப்பலேறிப் போனது. 1979இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தபோது அதை மார்க்கத்தின் பெயரால் எதிர்த்துப் போரிட்டவர்களுக்கு அமெரிக்காவும் சவூதியும் பாகிஸ்தானும் சேர்ந்து ஆயுதம் கொடுத்தன. இதை அரசியல் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

அப்புறம் ஈராக். அமெரிக்கா தொடுக்கவிருந்த அந்தப் போர் வேண்டாம் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 மார்ச்சில் ஒரு கர்தினாலையே வாஷிங்டனுக்கு அனுப்பினார். அவர் சொல் எடுபடவில்லை. சதாமின் இராணுவம் கலைக்கப்பட்டது, ஆயுதம் பழகியவர்கள் சம்பளமில்லாமல் தெருவில் நின்றார்கள். பிற்காலத்தில் ஐஎஸ் என்ற 'இஸ்லாமிய அரசு' இயக்கத்தின் தலைவரான பக்தாதி, 2004இல் அமெரிக்கர்களின் புக்கா தடுப்பு முகாமில் கைதியாக இருந்தவர். பத்து ஆண்டுகளில் அந்த இயக்கம் மோசூலைப் பிடித்தது. கிறிஸ்தவர் வீட்டுச் சுவர்களில், நசரேயர் என்பதைக் குறிக்கும் 'நூன்' எழுத்தை எழுதி அவர்களை விரட்டியது. ஆதித் திருச்சபை வேரோடிய மண் அது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், நடுவர் அவர்களே. மோசூல்தான் வேதாகமத்தின் நினிவே. அங்கே யோனாவின் கல்லறை என்று போற்றப்பட்ட இடத்தில் ஒரு பள்ளிவாசல் இருந்தது. முஸ்லிம்களுக்கு அவர் யூனுஸ் நபி. கிறிஸ்தவர்களை விரட்டிய அதே 2014 ஜூலையில், அந்தப் பள்ளிவாசலையும் ஐஎஸ் வெடிவைத்துத் தகர்த்தது. மார்க்கம்தான் வேர் என்றால், அந்த மார்க்கத்தின் தொழுகை இடத்தையே அது ஏன் இடித்தது? அந்த யோனாவின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கொடுமைக்குப் பேர்போன நினிவேயைக் கடவுள் அழிக்கவில்லை என்று யோனா கோபித்துக்கொள்கிறார். கடவுளோ, வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத இலட்சத்து இருபதாயிரம் பேர் இருக்கும் நகரத்துக்காக நான் இரங்கக் கூடாதா என்று திருப்பிக் கேட்கிறார். எங்கள் வேதம் அந்தக் கேள்வியை எங்களிடம்தான் கேட்கிறது.

நம் பக்கத்து வரலாற்றையும் சொல்லியாக வேண்டும், வலித்தாலும் சரி. 1099இல் எருசலேமில் சிலுவைப் படை முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்தது, கிறிஸ்துவின் பெயரால். சுவிசேஷத்தில்தான் வேர் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? இன்னும் கிட்டே வருகிறேன். 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அத்தனை பேரும் துரத்தப்பட்டார்கள். அண்டை வீட்டுக்காரன்மேல் இருந்த நம்பிக்கை அறுந்துபோன ஊரில், வளைகுடாப் பணமும் போதனையும் இடம்பிடிப்பது எளிது. பிறகு 2014இல் அளுத்கம, 2018இல் திகன என்று முஸ்லிம் கடைகள் எரிந்தன. ஆள்பிடிக்க வருகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதனால் சஹ்ரானுக்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வடக்கிலிருந்து துரத்தப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் யாரும் தேவாலயத்துக்குக் குண்டு கட்டிக்கொண்டு வரவில்லை. அவன் செய்தது அவன் பாவம். நான் பேசுவது அந்தப் பாவத்துக்கு மண் எங்கே கிடைத்தது என்று.

அந்த மண்ணில் கொழும்பின் பங்கும் உண்டு. இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் தேதியே எச்சரிக்கை வந்தது. ஜனாதிபதியும் பிரதமரும் பேசிக்கொள்ளாத காலம், பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்குப் பிரதமருக்கு அழைப்பே இல்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நூறு மில்லியன் ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குண்டு வெடித்த நாட்களில் பழிவாங்காதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்ட கர்தினால் மல்கம் ரஞ்சித், இன்றுவரை கேட்பது இந்த அரசியல் உண்மையைத்தான். பிள்ளைகளை இழந்த சபை குர்ஆனைப் பழிக்கவில்லை, விசாரணையைக் கேட்கிறது.

கடைசியாக ஒன்று. "நல்ல முஸ்லிம்கள் இருந்தால் ஏன் வாய் திறக்கவில்லை?" என்றார் எதிரணியில் ஒரு சகோதரி. குண்டு வெடித்து ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26, சாய்ந்தமருது. வாடகை வீட்டில் புதிதாக வந்து இறங்கியவர்கள்மேல் அயலவர்களுக்குச் சந்தேகம் வந்தது. முஸ்லிம் அயலவர்கள். விசாரித்தார்கள், தகவல் பொலிஸுக்குப் போனது. உள்ளே இருந்தது சஹ்ரானின் தந்தையும் சகோதரர்களும், வெடிமருந்தோடு. தாக்குதல் நடத்தியவர்களின் உடல்களை அடக்கம் செய்ய ஏற்கமாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமாவும் அறிவித்தது.

அந்த வீட்டுக்குள் இருந்தவர்களும் குர்ஆன் ஓதியவர்கள், அவர்களைக் காட்டிக்கொடுத்தவர்களும் குர்ஆன் ஓதியவர்கள். வேர் மார்க்கத்தில்தான் என்றால், வீட்டுக்கு வெளியே நின்ற அந்த அயலவர்கள் எந்த வேரிலிருந்து வந்தார்கள் என்பதை எதிரணி இந்தச் சபைக்குச் சொல்லிவிட்டுத் தீர்ப்புக் கேட்கட்டும். நன்றி, வணக்கம்.