முழங்கால் நோவுக்குப் பாரம் மட்டுமா காரணம்?

வணக்கம் எல்லாருக்கும். கல்லடிக் கடற்கரையில் நிற்கிறேன், காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு வைத்த ஒருவருக்கு முழங்கால் நோகிறது என்றால் நம் ஊரில் உடனே சொல்வது, "பாரம் தாங்காமல் தேய்ஞ்சு போச்சு" என்றுதான். சரி, பாதி உண்மை. அப்படியென்றால் எங்கள் மாமிக்கு விரல் ஏன் நோகிறது? விரல் நுனிக்குப் பக்கத்து மொளிகளில் மிளகு மாதிரிச் சின்னச் சின்னக் கட்டிகள், திருவலையில் குந்தினால் தேங்காய்ப் பாதி முடியுமுன்னே "பிள்ளை, மிச்சத்தை நீ திருவு" என்று எழும்பிவிடுவா. மாமி கையாலா நடக்கிறா? உடம்பு பருத்தவர்களுக்குக் கைவிரல் மூட்டுத் தேய்வும் கூடுதலாக வருகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அங்கே பாரக் கணக்கு சரிவராது.

விஷயம் என்னவென்றால், உடம்பில் சேர்கிற கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. லெப்டின் என்கிற ஹோர்மோன், இன்டர்லூக்கின்-6 என்கிற அழற்சிப் பொருள் (வீக்கத்தையும் நோவையும் கிளப்புவது), இன்னும் பலதை இரத்தத்துக்குள் விட்டுக்கொண்டே இருக்கிறது, இரத்தம் எல்லா மூட்டுக்கும்தானே போகிறது, அதனால் எலும்பு முனையை மூடியிருக்கிற குருத்தெலும்பு மெல்ல மெல்லக் கெட்டுப்போகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழேயே ஒரு கொழுப்புத் திட்டு இருக்கிறது, அதுவும் இதே வேலையைப் பார்க்கிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 2009இல் ஓர் ஆய்வு செய்தார்கள். லெப்டின் சுரக்காத சுண்டெலிகள் பந்து பந்தாகக் கொழுத்தன, ஆனாலும் அவற்றின் முழங்காலில் தேய்வு கூடவில்லை! எனக்கு இதைப் படித்தபோதுதான் முழுக் கதையும் விளங்கியது.

அடுத்து எல்லாரும் கேட்பது, தேங்காய்ப்பாலை விடவேண்டுமா? பாலாணம் இல்லாமல் மட்டக்களப்பில் யார் சோறு தின்பது. அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2017இல் எலிகளுக்கு வகைவகையாக நிறைவுற்ற கொழுப்பு, அதாவது saturated fat, கொடுத்துப் பார்த்தார்கள். மாட்டுக் கொழுப்பு, பாம் ஒயிலில் இருக்கிற பால்மிற்றிக் அமிலம் இதெல்லாம் மூட்டைக் கெடுத்தன, தேங்காயில் கூடுதலாக இருக்கிற லோரிக் அமிலம் கொடுத்த எலிகளில் சேதம் குறைவு. உடனே தேங்காயெண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடிக்கத் தொடங்காதீர்கள், அது எலி, நாம் மனுசர். அப்புறம் எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமில் 9 கலோரி, மாச்சத்தில் 4தான். ஆணத்துக்கு ஊற்றுகிற பாலை விட, பின்னேரம் பிளேன்டியோடு இறங்குகிற ரோல்ஸும் இரவுக் கொத்தும்தான் எனக்குப் பயம், அதில் எண்ணெயும் மாவும் சேர்ந்தே வருகிறது.

மீனில் நமக்குக் குறையே இல்லை. கீரி, சூடை மாதிரிச் சின்னக் கடல் மீன்களில் அழற்சியைத் தணிக்க உதவுகிற ஒமேகா-3 என்கிற கொழுப்பு நிறைய. அதைப் பாம் ஒயிலில் முறுகப் பொரித்தால் மீனோடு எண்ணெயையும் சேர்த்துத்தான் தின்கிறோம், புளியாணம் வையுங்கள்.

பாரம் பாதி உண்மை என்றேன் இல்லையா, அந்தப் பாதியும் சின்னதில்லை. முழங்கால் நோ உள்ள, பருத்த உடம்புக்காரர்களை நடக்கவிட்டு அளந்ததில், 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் 4 கிலோ சுமை குறைகிறது. ஆயிரம் அடி நடந்தால் 4000 கிலோ, நீங்களே பெருக்கிப் பாருங்கள். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹம் (Framingham) என்ற ஊரில் பெண்களை வைத்துப் பார்த்ததில், பத்து வருசத்தில் 5 கிலோ அளவு குறைத்தவர்களுக்கு முழங்கால் தேய்வு நோ வருகிற சாத்தியம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. இருபது முப்பது கிலோ குறைக்கவேண்டும் என்று யாரும் மலைக்கத் தேவையில்லை, 5 கிலோ.

"நோகுது, அதனால நடக்கிறதில்ல" என்று கதிரையிலேயே இருந்தால் தொடைத் தசை மெலிந்து நோ இன்னும் கூடும். ஆய்வுகளிலும் உடற்பயிற்சியையும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் நோ நல்லாகக் குறைந்தது. குந்தி எழும்புவது கஷ்டமென்றால் கதிரையில் இருந்தபடி காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணி, இறக்குங்கள்.

ஒன்று மட்டும் கவனம். காலையில் எழும்பினால் விரலெல்லாம் வீங்கி, விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் இருந்தால் அது வேறு வாதமாக இருக்கலாம், எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காமல் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள்.