ஸ்பானிஷ் படம் பார்க்கும்போது ஆங்கில எழுத்தை நிறுத்தி வையுங்கள்

வணக்கம் எல்லோருக்கும். காற்றுச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், யாழ்ப்பாணக் கோட்டை மதிலில் இருந்துதான் பதிவு செய்கிறேன். வீட்டில் இன்றைக்கு அம்மா தூளுக்கு மிளகாய் வறுக்கிறார், அங்கே இருந்து ஒரு வசனமும் ஒழுங்காகக் கதைக்க முடியாது.

நான் ஏன் ஸ்பானிஷ் படிக்கிறேன் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அண்ணா டொரொண்டோவில் கொலம்பியாப் பெண் ஒருவரைக் கலியாணம் செய்தார். இரண்டு வருசத்துக்கு முதல் நல்லூர்த் திருவிழாவுக்கு மச்சாளும் மருமகனும் அண்ணாவோடு வந்து ஒரு மாதம் எங்கள் வீட்டில் நின்றார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, மச்சாளுக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் குசினியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று தேங்காய் திருவுவார்கள், வெங்காயம் உரிப்பார்கள், ஆளை ஆள் பார்த்துச் சிரிப்பார்கள், அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர்கள் விமானம் ஏறிய கிழமையே நான் தொடங்கிவிட்டேன்.

எல்லோரையும் போல நானும் தொடங்கியது 'லா காசா தே பாபெல்' தொடரில்தான். ஆங்கிலத்தில் மணி ஹைஸ்ட் என்கிறார்களே, அதேதான், 2017 இல் ஸ்பெயினில் ஆன்டெனா 3 தொலைக்காட்சியில் வந்து பிறகு நெட்ஃபிளிக்ஸில் உலகம் முழுக்கப் போனது. ஐந்து பாகத்தையும் ஆங்கில எழுத்தைக் கீழே ஓடவிட்டுப் பார்த்து முடித்தேன். கதை முழுக்க விளங்கியது, ஸ்பானிஷும் விளங்குகிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் மச்சாள் வீடியோ அழைப்பில் வந்து சிரித்துக்கொண்டு 'கே மாஸ்?' என்றார். கே என்றால் என்ன, மாஸ் என்றால் இன்னும், இரண்டு சொல்லும் எனக்குத் தெரியும், ஆனால் அவர் என்ன கேட்கிறார் என்று பிடிபடவில்லை. நான் ஏதோ சொல்ல மறந்துவிட்டேன், மிச்சத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். கொலம்பியாவில் அது சுகம் விசாரிக்கிற சொல். நாங்கள் ரோட்டில் ஒருவரைக் கண்டதும் 'வேறென்ன புதினம்?' என்கிறோமே, அதுதான் அது, அச்சு அசலாக அதுதான்! நான் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் விளங்கப் பார்த்ததால் தவறவிட்டேன், நேரே தமிழில் கேட்டிருந்தால் அந்த நொடியே பதில் சொல்லியிருப்பேன்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். தமிழ் ஆட்கள் ஸ்பானிஷ் படிக்க ஆங்கிலத்தால் சுற்றிப் போகத் தேவையில்லை, முக்கியமாகப் படம் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு அந்தச் சுற்று கெடுதல்.

முதலில் கீழே ஓடும் எழுத்து. கண் வாசிக்கிற மொழிதான் மூளையில் ஏறுகிறது, காது சும்மா இருந்துவிடுகிறது. நெதர்லாந்தில் மிட்டரர், மக்குவீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2009 இல் வெளியிட்டார்கள். டச்சு ஆட்களுக்கு, பழக்கமில்லாத ஸ்கொட்லாந்து, அவுஸ்திரேலிய உச்சரிப்பில் ஆங்கிலக் காட்சிகளைக் காட்டினார்கள். ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்புப் பிறகு நன்றாகப் பிடிபட்டது, சொந்த டச்சு எழுத்தோடு பார்த்தவர்களுக்கு அது உதவவில்லை, இடைஞ்சலாகவே இருந்தது. அதனால் ஸ்பானிஷ் ஒலிக்கு ஸ்பானிஷ் எழுத்து. ஒரு விசயம் கவனியுங்கள், கொரியப் படத்தையோ ஆங்கிலப் படத்தையோ ஸ்பானிஷ் குரலில் போட்டு ஸ்பானிஷ் எழுத்தை வைத்தால் இரண்டும் பெரும்பாலும் ஒத்து வராது, குரலுக்கு ஒருவர் மொழிபெயர்த்திருப்பார், எழுத்துக்கு இன்னொருவர். நான் இதில் ஒரு மாதம் வீணாக்கினேன். ஸ்பானிஷிலேயே எடுத்த தொடராகப் பாருங்கள்.

அடுத்தது வேகம். எல்லோரும் பயந்து விடுகிற இடம் இதுதான். பிரான்ஸில் லியோன் நகரத்தில் பெல்லெக்ரினோ என்பவரின் குழு 2011 இல் அளந்து பார்த்ததில், ஸ்பானிஷ்காரர் நொடிக்குக் கிட்டத்தட்ட 8 அசை சொல்கிறார், ஆங்கிலத்தில் 6 சொச்சம். ஆக வேகம் உண்மைதான். ஆனால் எங்களைக் குழப்புவது வேகத்தை விடச் சொற்கள் ஒட்டிக்கொள்வது. 'லோஸ் அமீகோஸ்', நண்பர்கள், வாயில் வரும்போது 'லோசமீகோஸ்'. 'வா ஆ அசேர்', செய்யப் போகிறார், மூன்று சொல், காதில் விழுவது 'வாசேர்' மட்டும். இதைக் கேட்டு ஆங்கிலக்காரர் திணறட்டும், நாங்கள் ஏன் திணற வேண்டும்? தமிழ் ஆசிரியர் தமிழாசிரியர் ஆகிறார். 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்று நன்னூலில் மனப்பாடம் செய்யவில்லையா? ஆறுமுக நாவலர் இதே நல்லூரில் பிறந்து அந்த நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதினவர். எனக்கு அந்தச் சூத்திரம் பரீட்சைக்குப் பிறகு முதன்முதல் உதவினது ஒரு கொலம்பியத் தொடரில்தான், மெய்யாகச் சொல்கிறேன், புல்லரித்தது.

உச்சரிப்பும் அப்படித்தான். 'நாதா' என்றால் ஒன்றுமில்லை. அதில் வரும் தகரத்தை ஆங்கில 'டி' போலச் சொன்னால் பிழை, 'அது' என்கிறோமே, அந்த மெல்லிய த. 'அமீகோ'வில் வரும் ககரம் 'அகம்' என்பதில் வருகிற க. சொல்லின் நடுவே இந்த எழுத்துகள் மெலிவது எங்களுக்குப் பிறவிப் பழக்கம், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய், றகரத்தை நாக்கு அதிர அதிரச் சொல்ல வேண்டும், நாங்கள் சும்மா கதைக்கும்போது சொல்வதை விட நன்றாக அதிர வேண்டும். ஆனால் ஒரு இடத்தில் தமிழ் எழுத்து காலை வாரும். முத்தத்துக்கும் எடைக்கும் ஸ்பானிஷில் முதல் எழுத்துத்தான் வித்தியாசம், ஒன்று 'பஸ்' என்பதில் வரும் ப, மற்றது 'பல்' என்பதில் வரும் ப. கொப்பியில் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேசோ' ஆகிவிடும். அப்படிச் சொற்களுக்கு மட்டும் நான் சிவப்புப் பேனாவால் கோடு போடுகிறேன்.

இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 'மெ குஸ்தா'. ஆங்கிலப் புத்தகங்கள் இதற்கு இரண்டு பக்கம் விளக்கம் எழுதும். எங்களுக்கு ஒரு வரி போதும்: எனக்குப் பிடிக்கும். 'மெ குஸ்தா எல் கஃபே', எனக்குக் கோப்பி பிடிக்கும். 'மெ துவேலே லா கபேசா', எனக்குத் தலை இடிக்குது. 'எனக்கு' என்றுதான் இரண்டு மொழியும் தொடங்குகிறது. பிடித்தது பலவாக இருந்தால் அவர்களுக்கு வினை மாறும், 'மெ குஸ்தான் லோஸ் மாங்கோஸ்', அந்த 'ன்' மட்டும்தான் நாங்கள் புதிதாகப் பழக வேண்டியது. 'நான்', 'நீ' சொல்லாமல் வினையின் முடிவிலேயே ஆளைக் காட்டுவதும் அப்படியே, கதைக்கிறேன் என்றால் 'ஆப்லோ', கதைக்கிறோம் என்றால் 'ஆப்லாமோஸ்'.

எந்த நாட்டுத் தொடர் என்பதும் முக்கியம். யாரோடு கதைக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள். நான் முதலில் பார்த்த மணி ஹைஸ்ட் மத்ரித் ஸ்பானிஷ், அதில் நண்பர் கூட்டத்தை 'வொசோத்ரோஸ்' என்பார்கள், இலத்தீன் அமெரிக்காவில் அது புழக்கத்தில் இல்லை, அங்கே எல்லோருக்கும் 'உஸ்தேதெஸ்'. அந்தத் தொடரில் பொறுக்கின சில சொற்களைப் பெரியவர்களுக்கு முன்னால் சொல்லவே முடியாது என்பது வேறு. பிறகு கொலம்பியாவின் 'யோ சோய் பெத்தி, லா ஃபேயா' பார்த்தேன், 1999 முதல் 2001 வரை ஓடின தொடர், பொகொத்தாவில் ஒரு உடுப்புக் கம்பனியில் நடக்கிற கதை. அதில் ஆளுக்காள் 'உஸ்தெத்' என்கிறார்கள், அதாவது நீங்கள். புத்தகத்தில் படித்தது உஸ்தெத் மரியாதைக்கு, 'தூ' நெருக்கத்துக்கு என்று. ஆனால் மச்சாள் நாலு வயது மகனையும் உஸ்தெத் என்றுதான் கூப்பிடுகிறார்! யோசித்துப் பார்த்தால் அதில் அதிசயம் இல்லை. என் அம்மா அதே பிள்ளையிடம் 'அப்பன், சாப்பிட்டீங்களோ?' என்றுதானே கேட்கிறார். மரியாதைச் சொல்லால் செல்லம் கொஞ்சுவது எங்களுக்குப் புதிது இல்லையே. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்திருக்கிற ஊரில் இருந்துகொண்டு இது கடினம் என்று சொல்லக் கூடாது.

சரி, படம் பார்த்தால் மட்டும் மொழி வருமா? இதற்கும் பதில் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறது. நாங்கள் எல்லோரும் சின்ன வயதில் இருந்து சென்னைப் படம் பார்த்து வளர்ந்தவர்கள், அவர்கள் எவ்வளவு கெதியாகப் பேசினாலும் ஒரு சொல் தவறாது. அவர்களில் பலருக்கு எங்கள் தமிழ் விளங்காது, ஏனென்றால் கேட்டதில்லை. படம் காதைப் பழக்கும் என்பதற்கு இதை விட என்ன சான்று வேண்டும்? ஆனால் எங்களில் எத்தனை பேர் சென்னைத் தமிழை வாயால் ஒழுங்காகக் கதைப்போம்? கேட்டது காதிலேயே நின்றுவிடும், வாய்க்கு வர வேண்டும் என்றால் வாயால்தான் பழக வேண்டும்.

நான் செய்வது இது. ஒரு நாளைக்கு மூன்று நிமிடக் காட்சி ஒன்று, அவ்வளவுதான். எழுத்து இல்லாமல் ஒருமுறை, ஸ்பானிஷ் எழுத்தோடு ஒருமுறை, பிறகு நிறுத்தி நிறுத்திக் கொப்பியில் தமிழில் அர்த்தம், ஆங்கிலத்தில் வேண்டாம், கடைசியாக நடிகரோடு சேர்ந்து நானும் சத்தமாகச் சொல்வது. கடைசியில் சொன்னதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் படம் பார்ப்பதுதான். ஒரு பகுதியைத் தரவிறக்கி வைத்தால் ஒரு கிழமைக்கு மேல் போகும். தொடக்க நிலையில் இருப்பவர்கள் 'தெஸ்தீனோஸ்' தேடிப் பாருங்கள், 1992 இல் படிப்பதற்கென்றே எடுத்த 52 பகுதித் தொடர், ரகேல் என்ற வழக்கறிஞர் ஒரு குடும்ப இரகசியத்தைத் தேடி ஸ்பெயின், ஆர்ஜென்டீனா, புவெர்தோ ரிக்கோ, மெக்சிக்கோ என்று போகிறார், போகப் போக ஒவ்வொரு நாட்டு உச்சரிப்பும் காதில் விழும். உடுப்பும் தலைமுடியும் பழைய காலம், அதைப் பார்க்காதீர்கள், கதை இழுத்துக்கொண்டு போகும்.

சூரியன் இறங்குகிறது, வெளிச்சம் போக முதல் இன்னொன்று. இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கியது போர்த்துக்கேயர், அவர்கள் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தது 1619 இல். அந்த நேரத்தில் போர்த்துக்கல்லின் முடியும் ஸ்பெயின் மன்னரின் தலையில்தான் இருந்தது, 1580 இல் இருந்து 1640 வரை அப்படி. போர்த்துக்கேயம் ஸ்பானிஷின் உடன்பிறப்பு மாதிரி, ஆகவே அவர்கள் விட்டுப்போன சொற்கள் உங்கள் வீட்டிலேயே கிடக்கின்றன. மேசை, ஸ்பானிஷில் 'மேசா'. பாண், 'பான்'. சப்பாத்து, 'சபாத்தோ'. துவாய், 'தோவாயா'. அலுமாரி, 'அர்மாரியோ'. மச்சாள் மறுபடி வந்தபோது குளிக்கப் போகையில் அம்மா துவாயை நீட்டி 'துவாய்' என்றார், மச்சாள் நின்று திரும்பிப் பார்த்து 'தோவாயா?' என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் வீடு முழுக்கச் சுற்றி ஒவ்வொரு பொருளாகத் தொட்டுத் தொட்டுப் பெயர் கேட்டுக்கொண்டு திரிந்தார்கள், சோறு ஆறிவிட்டது.

இப்போது அம்மாவும் பின்னேரத்தில் என் பக்கத்தில் வந்து இருந்து அந்த மூன்று நிமிடத்தைப் பார்க்கிறார். வாசிக்கத் தெரியாததால் அவருக்குக் கீழே ஓடும் எழுத்தே தேவையில்லை, காதால் மட்டும் கேட்டுவிட்டு 'இவள் இப்ப கோவமாத்தான் சொல்லுறாள்' என்பார், பெரும்பாலும் சரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்ததும் முதலில் 'கே மாஸ்?' என்று கேட்பது இப்போது அம்மாதான். மச்சாள் அங்கே இருந்து 'வேறென்ன மாமி' என்கிறார்.