புல்மோட்டை மணலுக்குள் ஒரு மணிக்கூடு

[காட்சி: இராவணன் வெட்டு, விடியற்காலை. கீழே கடல் அடிக்கிற சத்தம்.]

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் ஒருக்காவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற இடம் இது. இராவணன் வாளால் வெட்டினானா, கல் தானாகப் பிளந்ததா என்ற வழக்குக்கு நான் இன்றைக்கு வரவில்லை. எனக்கு வேண்டியது கல்லின் வயது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலத்தைப் போல இந்த மலையும் பழைய உருமாறிய பாறைதான். 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, நிலத்துக்கு அடியில் வெந்து, நெரிந்து, இறுகி முடிந்த கல்.

பூமியின் பெரிய உயிரினப் பேரழிவுகள் என்று ஐந்தைச் சொல்வார்கள். முதலாவது நடந்தது 44.5 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்படியென்றால் ஐந்து தரமும் இந்தக் கல் இருந்திருக்கிறது, ஒன்றையும் பதிந்து வைக்கவில்லை. சேறும் சுண்ணாம்பும் படை படையாகப் படிந்து உண்டாகிற அடையற்பாறைதான் செத்ததை மூடிப் பாதுகாக்கும். அந்தப் படைகளில்தான் உயிர்ச்சுவடுகளைத் தேட வேண்டும்.

பிறகு ஏன் திருகோணமலையில் நின்றுகொண்டு இந்தக் கதை?

[காட்சி: திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கரை. உள்ளங்கையில் மணல், மிகக் கிட்டத்தில்.]

இதற்காகத்தான். பழைய ஸ்பீக்கரில் கழற்றின காந்தம் ஒன்றைக் கடதாசிக்கு அடியில் பிடித்து இழுக்கிறேன். பாருங்கோ, கறுப்பு மணிகள் சில மயிர்க்கொட்டி மாதிரி எழும்பி நகருது. இந்தக் கறுப்பில் கூடுதலானது இல்மனைற்று என்ற, இரும்பு கலந்த கனிமம். பின்னால் அசையாமல் கிடக்கிறதில், கண்ணாடித் தூள் மாதிரி மினுங்கும் சில மணிகள் சிர்க்கன் என்ற கனிமம். (படம் பிடித்து முடிந்ததும் மணலை அங்கேயே கொட்டிவிட்டோம்.)

பாறைக்குழம்பு ஆறும்போது சிர்க்கன் பளிங்காகும். அந்நேரம் யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே எடுக்கும்; ஈயத்தை அண்டவிடாது. பிறகு அந்த யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து ஈயமாகும். யுரேனியத்தில் இரண்டு வகை. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு. யுரேனியம் 235க்கு 70 கோடி ஆண்டு. ஆக ஒரு மணிக்குள் இரண்டு மணிக்கூடு! இரண்டும் ஒரே நேரம் காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால் மணி எங்கேயோ அடிபட்டு ஈயத்தைக் கசியவிட்டிருக்கிறது என்று அர்த்தம்.

[காட்சி: சீனப் பாறைப் படைகள், வரைபடம்.]

ஐந்தில் மிகப் பெரியது மூன்றாவது பேரழிவு. அது பதிந்திருக்கிற சீனாவில் மெய்ஷான் என்றொரு இடம். பழைய கடலடிச் சுண்ணாம்புப் படைகள் அங்கே வெட்டிய கேக் மாதிரித் தெரியும். நடுநடுவே மெல்லிய எரிமலைச் சாம்பல். அந்தச் சாம்பலுக்குள்ளும் சிர்க்கன் இருக்கிறது. பேரழிவுக்குக் கீழே இருக்கிற சாம்பலின் வயது 25 கோடி 19 இலட்சத்து 41 ஆயிரம் ஆண்டு. மேலே உள்ளது 25 கோடி 18 இலட்சத்து 80 ஆயிரம். 2014இல் வெளிவந்த கணக்கு இது. இடைவெளி 60 ஆயிரம் ஆண்டளவு; முன்பின் சில பத்தாயிரம் போகலாம். அதற்குள் கடல் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் இல்லை. 27 கோடி ஆண்டு உயிர்தப்பி வந்த, ஓடு போர்த்த கடல் விலங்குகளான திரைலோபைற்றுகளும் அதோடு சரி.

கொன்றது யார்? அதே மணிக்கூட்டைச் சைபீரியாவுக்குக் கொண்டுபோனார்கள். பல பத்து இலங்கைகளை மூடக்கூடிய எரிமலைக்குழம்பு அங்கே அதே காலத்தில் ஓடியிருக்கிறது. குழம்பு கொன்றது பக்கத்தில் நின்றதை மட்டும்தான். பெரிய கேடு நிலத்துக்கு அடியில். மேலே வர வழியில்லாத குழம்பு நிலக்கரி, உப்பு, சுண்ணாம்புப் படைகளுக்கு நடுவே பரவி அவற்றைச் சுட்டது. சூளைக்குப் புகைபோக்கி வைத்த மாதிரி காபனீரொட்சைட்டும் மீதேனும் வெளியே வந்தன.

இதையெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்தப் படைகளில், காபனின் பாரமான வகையான காபன் 13இன் பங்கு சட்டென்று விழுகிறது; பாரம் குறைந்த காபன் பெருவாரியாக வந்து கலந்ததற்கு அது அடையாளம். கொனொடொன்று என்ற சிறு கடல் விலங்கின் பல்லில் இருக்கும் ஒட்சிசன், வெப்பமண்டலக் கடல் ஏறக்குறைய 10 பாகை சூடேறியதைச் சொல்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த சாட்சி, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைற்று. நுணுக்குக்காட்டியில் முந்திரிகைக் குலை மாதிரித் தெரியும் பொடி உருண்டைகள். ஒட்சிசன் இல்லாத, அழுகின முட்டை மணக்கிற தண்ணீரில் உண்டாகிறவை.

டைனோசர் கதை உங்களுக்குத் தெரியும், அதனால் சுருக்கமாக. இத்தாலியின் குப்பியோவில் ஒரு விரல் அகலக் களிமண் படை. அதில் அளவுக்கு மிஞ்சி இரிடியம் இருப்பதை அல்வாரெஸ் அப்பாவும் மகனும், கூட இரண்டு வேதியியலாளர்களும் 1980இல் அறிவித்தார்கள். விண்கல்லில் கிடைக்கிற உலோகம் அது. மெக்சிக்கோவின் சிக்சுலுப்பில் விழுந்த குழி 180 கிலோமீற்றர் அகலம். திருகோணமலையிலிருந்து நேர்கோட்டில் யாழ்ப்பாணம் மட்டும் அவ்வளவு தூரம். அதே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் தக்காணத்திலும் எரிமலைக்குழம்பு ஓடிக்கொண்டிருந்தது. பழி யாருக்கு எவ்வளவு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் ஐந்துக்கும் விண்கல்தான் என்று சில வீடியோக்களில் சொல்வதை நம்பாதீர்கள். விண்கல்லுக்கு இப்படி அசைக்க முடியாத சாட்சி இருப்பது இந்த ஒன்றுக்கு மட்டும்தான்.

[காட்சி: புறாத்தீவு. காலடியில் வெள்ளை முருகைக்கல் துண்டுகள்.]

சைபீரியச் சூளைக்கு முன்பும் கடலில் முருகைக்கல் இருந்தது. ஒரு வகையும் தப்பவில்லை. அதற்குப் பிந்திய அரைக்கோடி ஆண்டுக்கு மேற்பட்ட படைகளில் முருகைக்கல்லே கிடைப்பதில்லை. பிறகு வந்தது வேறொரு பரம்பரை. நிலாவெளியில் படகு எடுத்துப் போய் நீங்கள் முகமூடி போட்டுப் பார்ப்பது அதைத்தான்.

கரையில் கிடக்கிற இந்தத் துண்டைப் பாருங்கோ, எடுத்துக்கொண்டு போகாமல். சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் நடுவை நோக்கி மெல்லிய தட்டுகள். அந்தப் பேரழிவோடு அழிந்துபோன பழைய கொம்பு முருகையில் இவை நாலு நாலாகச் சேரும். இதில் ஆறு ஆறாக. தேய்ந்த துண்டில் எண்ணுவது கஷ்டம்தான். கொஞ்சம் வெயில் பக்கம் திருப்பிப் பிடிக்கிறேன்... ஆறு... பன்னிரண்டு.